அவசரம் இல்ல

எங்கள் நாடகக் குழுவில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று நடிப்பது. இன்னொன்று, சனிக்கிழமை ஆனால் எல்லோருக்கும் போன் போட்டு, "நாளைக்கு ரிகர்சல், வந்துருவீங்க இல்ல?" என்று கேட்பது. வாட்ஸப்பில் போட்டால் நீல டிக் விழும், ஆள் வராது. குரலைக் கேட்டால்தான் கிளம்புவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டைப் அடிப்பதைவிடப் பேசுவதுதான் எனக்கும் வசதி. ஆனால் யாராவது போனை எடுக்காவிட்டால் போதும், கண்டதையும் நினைக்க ஆரம்பித்துவிடுவேன். ஆக்சிடென்டா, உடம்பு சரியில்லையா, போன வாரம் நான் ஏதாவது சொல்லி மனசு நொந்துவிட்டார்களா என்று ஓடும். பிறகு அவர்களே கூப்பிட்டு, "குளிச்சிட்டு இருந்தேன்க்கா" என்பார்கள்.

ரிகர்சல் நடப்பது ஓசூரில், மூடிப்போன ஒரு பவுடர் கோட்டிங் ஷெட்டில். டைரக்டர் ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஆள். நாடகத்தையும் அச்சு வைத்துக் கடைவதைப் போலத்தான் செய்வார், ஒரு நூல் பிசகக் கூடாது. எங்களுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தால் நடிகர் காணாமல் போய்விடுவார். மாப்பிள்ளை வேஷத்துக்கு மாசக்கணக்கில் தயார் செய்த பையன் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போன் செய்து, "அக்கா, நான் இங்க சேர்ந்துட்டேன், வேற மாப்பிள்ளை பாத்துக்கங்க" என்றான். பெண்கள் கிடைப்பது இன்னும் கஷ்டம். "புதுசா யாராச்சும் கூட்டிட்டு வாங்க" என்று டைரக்டர் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லித்தான் முடிப்பார்.

வரும் பொங்கலுக்கு ஒரு குடியிருப்பில் சின்னதாக ஒரு சிரிப்பு நாடகம் போடுகிறோம். அது சும்மா. அடுத்து வருவதுதான் பெரியது, ஒரு மணி நேர நாடகம். நிலத்தை விற்ற விவசாயி, அதே நிலத்தில் வந்த கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறான். அவன் பெண்டாட்டி சாப்பாட்டுக் கேரியரோடு வருகிறாள். பாஸ் இல்லாததால் அவளை அவனாலேயே உள்ளே விட முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவள் சொல்கிறாள்: "நீ நிக்கிற எடத்துலதான்யா நம்ம கெணறு."

அந்தப் பெண்டாட்டி வேஷம் எனக்குக் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் நான் செய்ததெல்லாம் அம்மா, மாமியார், கூட்டத்தில் ஒருத்தி. நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் முறையாக, மேடை நடுவில் நின்று பேச ஒரு வேஷம். கிடைத்த நாளிலிருந்து அதை யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயமும் கூடவே வந்துவிட்டது.

கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் எனக்கு வேலை. எதிர்ப்பக்கம் டேப் சுற்றுகிற பெண் ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கத்துக்காரி. தெலுங்கு வீடு. கல்யாணமாகி குந்தாரப்பள்ளியில் ஒரு தமிழ் வீட்டுக்கு வந்தவள். கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். தமிழ் அவளுக்குக் காதால் கற்றது, எழுதப் படிக்கத் தெரியாது. என் கதை அதற்கு நேர் எதிர். பிறந்தது சாமல்பட்டிப் பக்கம், வயிற்றுப்பாட்டுக்கு ஓசூர் வந்து வருஷங்கள் ஆகியும் தெலுங்கில் வா, போ, சாப்பிட்டியா மட்டும்தான். மதியம் சாப்பிடும்போது அவளிடம்தான் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள். "அக்கா, இதுக்கு நீங்க அழுவறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். "அழுவற எடம்தானே" என்றேன். தலையாட்டிவிட்டு டப்பாவை மூடினாள்.

டைரக்டரின் தொல்லை தாங்காமல் அவளையும் ஒரு ஞாயிறு வரச் சொன்னேன். அன்றைக்கு என்று பார்த்து எனக்குப் பஸ் கிடைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டுக்குள் சத்தமே இல்லை. கதவோரம் நின்று பார்த்தேன். எனக்குப் பதிலாக அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். என் வாயால் கேட்ட வசனம் மொத்தமும் அவளுக்குப் பாடமாகியிருந்தது. கேரியர் மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, துடைக்கிற வேலைதான் முக்கியம் என்பதுபோல, "நீ நிக்கிற எடத்துலதான்யா நம்ம கெணறு" என்றாள். அழவில்லை. அந்தத் தெலுங்கு வாடை அடிக்கிற தமிழில் அது வேறு ஏதோ வசனம்போல இருந்தது.

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவ செய்யும்மா" என்றார். என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. என்னிடம் சொல்வதெல்லாம், "சரி, அடுத்த சீன்."

மறுநாள் மதியம் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்த நாடகம் எனக்கு அவசரம்."

ஒரு ஞாயிறு வந்துவிட்டு அதற்குள் அவசரமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்த முகமாகத்தான் சொன்னேன். "அவசரம் இல்லம்மா."

"அவசரம் இல்லயா?" என் முகத்தையே பார்த்தாள். "நானு?"

"ஆமா, நீதான். உனக்கு என்னா அவசரம் இப்ப? அவசரமே இல்ல."

"டைரக்டர் சாரும் அப்புடித்தான் சொன்னாரா?"

"எல்லாருக்கும் அதேதான்" என்றேன். அவரை நான் கேட்கவே இல்லை.

"சரிக்கா" என்று டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு லைனுக்கும் மாறிக்கொண்டாள். வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், நிற்கமாட்டாள்.

"அந்தக் குப்பத்துப் பொண்ணு எங்கம்மா?" என்று டைரக்டர் கேட்டார்.

"தூரம் இல்லிங்களாண்ணா, வூட்ல விடமாட்டாங்க போல" என்றேன். என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது. வேஷம் மட்டும் பத்திரமாக என்னிடம் இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு பாய் இருக்கிறார். பழைய இரும்பு வியாபாரம். எந்த நாடகமானாலும் அவர்தான் போலீஸ், ஏனென்றால் காக்கிச் சட்டை அவருடைய சொந்தச் சட்டை. ஒரு ஞாயிறு டீ நேரத்தில் தன் வியாபாரக் கதையை எடுத்தார்.

"புதுசா கடை போட்டப்ப ஒரு ரெட்டியாரு லோடு ஏத்தணும்னு வந்தாரு. வெல சொன்னேன். 'அவசரம் லேது' அப்படின்னாரு. சரி, பொறுமையா யோசிக்கிறாரு மனுசன்னு நெனச்சி நானும் ஸ்டூல போட்டு உக்காந்துட்டேன். டீ வாங்கிக் குடுத்தேன். வடை வாங்கிக் குடுத்தேன். அவரு டீயும் குடிச்சாரு, வடையும் தின்னாரு, எந்திரிச்சுப் போயிட்டே இருக்காரு."

"ஏன் பாய்?"

"ஏன்னா? தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம்யா. 'எனக்கு வேணாம்'னு மொதல்லயே சொல்லிட்டாரு அவரு. நான்தான் வேல மெனக்கெட்டு வடை வாங்கிட்டு இருந்திருக்கேன். நம்ம அவசரத்துக்கு அவங்க 'தொந்தர'ம்பாங்க. ரெட்டியாருக்குத் தொந்தரவும் இல்ல, அவசரமும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம். கையிலிருந்த டீயை அப்புறம் குடிக்க முடியவில்லை.

இந்த நாடகம் எனக்கு வேணும் என்று கேட்டிருக்கிறாள். நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நானு என்று கேட்டவளிடம், ஆமா, நீதான் வேண்டாம், வேண்டவே வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பெரிய கொடுமை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என் மனசு கொஞ்சம் லேசாகவும் இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும். தப்பு என்னுடையது இல்லை, ஒரு வார்த்தையுடையது என்று தோன்றியது. போய் விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும்.

அந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். வெள்ளிக்கிழமை காலையில் குந்தாரப்பள்ளிச் சந்தையில், புகுந்த வீட்டாரின் மாட்டுக்கயிறு கடையில் உட்கார்ந்திருப்பாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். வயிற்று வலி என்று லீவு சொன்னேன். அந்தப் பொய்யினாலேயே நிஜமாக வலி வந்துவிடுமோ என்று கிருஷ்ணகிரி பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன்.

தார்ப்பாய் விரித்து, மூக்கணாங்கயிறும் கழுத்து மணியும் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கை எனக்குப் போட்டாள். அது வேறு எனக்குச் சங்கடமாகப் போயிற்று. மாடு வாங்க வந்தவர்களும் தரகர்களும் போட்ட சத்தத்தில் என் பேச்சே எனக்குக் கேட்கவில்லை. மூச்சுவிடாமல் மொத்தத்தையும் சொன்னேன். உங்க பாஷையில அப்படி, எங்க பாஷையில இப்படி, நான் சொன்னது ஒண்ணு, நீ எடுத்துக்கிட்டது ஒண்ணு, பாய்தான் சொன்னாரு, எனக்குச் சத்தியமா தெரியாதும்மா.

அவள் ஒரு கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"மொதல்ல எங்க அர்த்தம்தான் எடுத்துக்கிட்டேன். வூட்டுக்கு வந்து அழுதேன். அப்பறம் எங்க மாமியாரு அடுப்பாண்ட நின்னுக்கிட்டு, 'என்னா அவசரம், மெதுவாத் தின்னு'ன்னாங்க. அப்பப் புரிஞ்சுபோச்சு."

"அப்ப வரவேண்டியதுதானே?"

ஒருவர் மணியை எடுத்து ஆட்டிப் பார்த்து விலை கேட்டார். சொன்னாள். குறைக்கச் சொன்னார். "அதே ரேட்டுதான் பெரியப்பா, வேற கடையில மணி ஆட்டிப் பாருங்க, சத்தமே வராது" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சனிக்கிழமை நீங்க எல்லாருக்கும் போன் பண்ணுவீங்க. இன்ஸ்பெக்டர் பாய்க்குப் பண்ணுவீங்க, கூட்டத்துல நிக்கிற பசங்களுக்குப் பண்ணுவீங்க. முன்னாடி மதியம் என் பக்கத்துல உக்காந்துதான் பண்ணுவீங்க. உங்க அர்த்தத்துல சொல்லியிருந்தா எனக்கும் பண்ணியிருப்பீங்க இல்லக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை போன கையிலயே வெச்சிருந்தேன்."

நம்பர் இல்லை என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் புத்தி போனது. நம்பர் இருக்கிறது, அவளுக்கும் தெரியும்.

"நீ வந்தா வேஷம் போயிரும்னு பண்ணலம்மா" என்றேன்.

"ம்" என்றாள். கோபமாக இல்லை. விலை படிந்ததுபோல ஒரு 'ம்'.

"வா. அந்த வேஷம் உனக்குத்தான். நான் டைரக்டர் அண்ணாகிட்ட சொல்லிடறேன்."

"நீங்க என்னா பண்ணுவீங்க?"

"உனக்குப் படிக்க வராது இல்ல. பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் குடுக்கறேன்."

யோசித்தாள். "அழுவமாட்டீங்க இல்ல?" என்று கேட்டாள். வசனம் சொல்லும்போதா, பொதுவாகவா என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

ஞாயிறு டைரக்டரிடம் சொன்னேன். "விட்டுக் குடுக்க ஒரு மனசு வேணும்மா" என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பாய் கைதட்டினார். விட்டுக்கொடுக்கவில்லை, திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது ஷெட்டின் தூணோரம் நின்று அவளுக்கு எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் தேவையே படாது. போன வாரம் கேட் சீனில் புருஷன் பயந்துகொண்டு, "கெளம்பு கெளம்பு, யாராச்சும் பாக்கப் போறாங்க" என்கிறான். "பாக்கட்டும்" என்று அவள் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. மறந்துவிட்டாள். கம்பியைப் பிடித்தபடி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. டைரக்டர் இப்போது நிறுத்துவார், இது சரிப்படாது, அக்காவையே செய்யச் சொல்லலாம் என்பார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எனக்கு ஆசை எழும்பியது. ஒரு மூச்சு நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான், "பாக்கட்டும்" என்றேன்.

"பாக்கட்டும்" என்றாள் அவள்.

டைரக்டர் நிறுத்தினார். "நடுவுல பேசாம ஒரு கேப்பு விட்டியே, பிரமாதம்மா" என்றார். "திரும்பி அந்தப் பக்கம் பாத்தியே, ஒத்தாசைக்கு யாரும் வரமாட்டாங்களான்னு பாக்கற மாதிரி, அத அப்படியே வெச்சிக்க. ஷோலயும் அதேதான்."

அவள் சரி என்றாள். டைரக்டர் என் பக்கம் திரும்பி, அந்த இடத்தில் அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்துவிடாதே என்றார். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது, வசனம் மறக்காமலேயே, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.