சித்தப்பா படிக்காத இரண்டாம் பக்கம்

கச்சிராயபாளையத்தில் உரக்கடை வைத்திருந்த என் சித்தப்பா அந்த வருஷம் சுற்றுவட்டாரத்திலேயே அதிக மூட்டை விற்றுவிட்டார். உரக் கம்பெனிக்காரர்கள் மனம் குளிர்ந்து, அவரைப்போல் அதிகம் விற்ற மற்ற ஊர் உரக்கடைக்காரர்களோடு சேர்த்து அவருக்கும் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி கப்பலில் போய்வரச் சீட்டு கொடுத்தார்கள். சித்தி பிரசவத்துக்காக எலவனாசூர்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். அதனால் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர் அவரோடு தொற்றிக்கொண்டோம். எனக்கு ஒன்பது வயது. அதுவரை நான் பார்த்திருந்த பெரிய தண்ணீர் கோமுகி அணைதான்.

கம்பெனியிலிருந்து இரண்டு பக்கக் காகிதம் ஒன்று வந்தது. முழுக்க இங்கிலீஷ். நாங்கள் போகப்போவது பழைய கப்பல், சின்னக் கப்பல், அதில் இன்னின்னதை எதிர்பார்க்கலாம் என்று எழுதியிருந்ததாம். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான், அதுவும் அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். யூரியா வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து ஒரு வாரம் அந்தக் காகிதத்துக்கு விளக்கம் சொன்னார்.

"ரூமு சின்னது. லிப்ட்டு கெடையாது. ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி, எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு போவணும்."

முதல் பக்கம் முடிந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அடுத்த பக்கத்தில் என்ன என்று அப்பா ஒருநாள் கேட்டார். "அதெல்லாம் ரூல்ஸுண்ணா, நமுக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டார்.

அத்தை வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அம்மாதான் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு வந்தாள். அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசித் தங்கை. முப்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. சின்ன வயதில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து பாகு தெறித்து, இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் மணலூர்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மலைமேல் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை. அத்தைக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. பத்து நாள் கழித்து, அவர்களுக்கு இஷ்டமில்லையாம் என்று சித்தப்பா சேதி கொண்டுவந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் அவரவர் மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டார்கள், அத்தையும்தான். அதன்பிறகு எந்த வரன் வந்தாலும் அவள் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. வாத்தியாருக்கு வேறிடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது.

சென்னைத் துறைமுகத்தில் எங்கள் கப்பலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துத் துருவை மூடியிருந்தார்கள். உள்ளே டீசலும் பினாயிலும் கலந்த வாடை. நடையில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். கரும்புக்கொல்லை வரப்பு இதற்குத் தேவலாம் என்றார் அப்பா. நீச்சல்குளம் என்று ஒன்று இருந்தது, எங்கள் மோட்டார் கொட்டகைத் தொட்டி அதைவிடப் பெரிது. ஆனால் டீ கொடுத்தவர் என் பெயரைக் கேட்டுவைத்துக்கொண்டு, அரைமணி கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குக் கப்பலின்மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

கிளம்பி ஒருமணி நேரம் இருக்கும். கரை இன்னும் மெல்லிசாகத் தெரிந்துகொண்டிருந்தது. திடீரென்று கப்பலின் சங்கு அலறியது. எங்கள் பக்கத்தில் சர்க்கரை ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது என்று அர்த்தம், யாரும் தலைதூக்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இது அப்படியில்லை. விட்டுவிட்டு ஏழெட்டு முறை அலறி, கடைசியில் ஒரேயடியாக இழுத்தது. ஒலிபெருக்கியில் இந்தியும் இங்கிலீஷும் கரகரத்தன. கப்பல் ஆட்கள் ஓடிவந்து, ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைத் தலைவழியே மாட்டி, எங்களை மேல்தளத்துக்குக் கொண்டுபோய் ஒரு படகின் கீழே வரிசையாக நிறுத்தினார்கள். கடைசி வரிசையில் நாங்கள். முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. புகைபோக்கி கறுப்பாகப் புகையைக் கக்கியது.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

"இன்னாடா சொல்றான்?" என்று கேட்டார் அப்பா.

சித்தப்பா படகைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"கப்பல் முழுவுதுண்ணா."

அம்மா என்னை வாரி அணைத்துக்கொண்டு ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தாள். நான் பயத்தில் வீறிட்டேன். சித்தப்பா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, என்ன மன்னிச்சிடும்மா. அந்த வாத்தியார் வூட்ல வேணாம்னு சொல்லல. பொண்ணு ரொம்பப் புடிச்சிருக்குன்னுதான் சொல்லி அனுப்பிச்சாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன்டா?" என்றார் அப்பா.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவுங்க மாமா எல்லார் எதிர்லயும் என்ன வாடா போடான்னாருண்ணா. கோவத்துல சொல்லிட்டேன். அப்புறம் உண்மைய சொல்ல வாயே வரல."

சங்கு நின்றது. தூத்துக்குடிக்காரர் ஒருவர், கப்பலில் வேலை செய்பவர், எங்கள் வரிசைக்கு வந்து, எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டார். இது வெறும் பயிற்சியாம். ஆபத்து வந்தால் எங்கே நிற்பது என்று எந்தக் கப்பலிலும் முதல்நாளே காட்டிவிடுவார்களாம். கம்பெனி அனுப்பிய காகிதத்தில் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்குமே என்றார்.

உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். கப்பல் மூழ்கவில்லையே என்று வருத்தப்பட்ட ஒரே ஆள் சித்தப்பாதான்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு போனார். அத்தைதான் குறுக்கே நின்றாள். "வுடுண்ணா" என்றாள், அவ்வளவுதான். "தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா காற்றைப் பார்த்துச் சொன்னாள். ஊர் திரும்பிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை அப்பா தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கப்பல் நன்றாக ஆடியது. எல்லாரும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி படுத்துக்கிடக்க, அத்தை மட்டும் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"சின்னண்ணா, அவுங்க இன்னா சொல்லி அனுப்பிச்சாங்க?"

"புடிச்சிருக்குன்னு" என்றார் அவர், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் போய்க் கேட்டாள். மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். அதே கேள்வி, அதே பதில். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தப் பாழாய்ப்போன சங்குக்குப் பக்கத்தில் நின்றதில் அத்தையின் காது அடைத்துப்போயிருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள். வீட்டில் வேறு யாருக்கும் இது உறைக்கவில்லை, நான்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் குனியச் சொல்லி, அவள் காதருகே இரண்டு கையையும் குவித்துக் கத்தினேன்.

"அத்த! அவுங்களுக்கு உன்ன ரொம்பப் புடிச்சிருந்துச்சாம்!"

உரக்கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரியா கேக்கலடி. இன்னொரு தபா சொல்லு" என்றாள் அத்தை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

இந்த வயதிலேயே இவளுக்குக் காது போய்விட்டதே என்று, நான் அழுதுகொண்டே இன்னும் சத்தமாகக் கத்தினேன்.