பாத்திரங்களுக்கு நடுவே துணி

என் அம்மா எவர்சில்வரைக் காதால் வாங்குகிறவள். என் கல்யாணச் சீருக்காக மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் பாத்திரக்கடைக்குப் போனபோது ஒரு பாத்திரத்தைக்கூடத் தட்டாமல் விடவில்லை. விரல் முட்டியால் ஒரு சுண்டு. சத்தம் நீண்டு இழுத்தால் நல்ல சரக்கு. சட்டென்று நின்றால் தகரம். "அண்ணாச்சி, இது ஊமையா இருக்கு, வேற எடுங்க" என்று அண்டா முதல் டம்ளர் வரை பொறுக்கினாள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "சமையலுக்கு வாங்குறீகளா, கச்சேரிக்கு வாங்குறீகளா?" என்று கேட்டேவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாக்கப்பட்ட ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. காட்டுக்கு நடுவே இருந்த அந்தக் கம்பெனிக்குக் காலையில் வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். எதிர்வீட்டு அக்காவின் புருஷனும் அதே வேனில்தான் போவார். அவருக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. உரசினால் பொறி பறக்கும் என்று எந்தப் பாத்திரத்தையும் அந்தப் பக்கம் விட மாட்டார்கள். சாப்பாட்டுக் கேரியர்களைத் தூரத்தில் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வாக்கப்பட்டுப் போன மறுநாளே சீர்ப் பாத்திரங்களை ஸ்டாண்டில் அடுக்கினேன். சாயங்காலம் பார்த்தால் தட்டுக்குத் தட்டு, டம்ளருக்கு டம்ளர் நடுவில் பழைய சேலைக் கிழிசல். மாமியாரின் வேலை. கீறல் விழும் என்று பயப்படுகிறார் போல என நினைத்துக்கொண்டேன். ஆனால் எதிர்வீட்டு அக்காவின் அடுப்படியிலும் அதே கிழிசல்கள் இருந்தன. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் பாத்திரச் சத்தமே கேட்பதில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"எதுக்கு அத்தே இந்தக் கந்தல்? பாக்கவே நல்லால்ல."

"சத்தம் ஆகாது தாயி" என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதைக் கந்தலில் பொதிந்து வைக்கவா? எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். மாமியார் பார்த்துவிட்டுக் கந்தல்களை மடித்து எடுத்து வைத்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த ஒரு மதியம். புதுச் சட்டியில் புளிக்குழம்பு கொதித்தது. எவர்சில்வர் லேசில் அடிபிடிக்கும் என்பதால் கரண்டியை எடுக்காமல் கிண்டிக்கொண்டிருந்தேன். வெளியே இலை அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் ஏதோ முனகியது. திரும்பினேன். ஸ்டாண்டில் தட்டுகள் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன. டம்ளர்களும் சேர்ந்துகொண்டன. கடையில் அம்மா சுண்டியபோது கேட்ட அதே இழுவை. யாரும் தொடவில்லை.

மாமியார் ஓடிவந்து இரண்டு உள்ளங்கைகளையும் தட்டுகள்மேல் வைத்து அமுக்கினார். அடுப்படி அடங்கியது.

"என்ன அத்தே இது?"

"பேசாத."

வாசல் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். குழம்பு கொதிப்பது மட்டும் கேட்டது. அதற்கப்புறம்தான் வெடிச்சத்தம் வந்தது. கதவு நிலை அதிர்ந்தது.

தெருவில் எல்லா வாசலிலும் பெண்கள். ஒருத்தியும் அழவில்லை, எந்தக் கம்பெனி என்று கேட்கவுமில்லை. எதிர்வீட்டு அக்கா கையில் ஒட்டிய மாவோடு நின்றாள். எங்கள் ஆட்கள் போகும் திசையில் புகை எழுந்தது. தெருவில் ஒருவர் வைத்திருந்த செல்போனில் கம்பெனிக்கு லைன் கிடைக்கவில்லை. அவராக இருக்கக்கூடாது, அவராக இருக்கக்கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு யாராக இருந்தாலும் சரி என்பதும் அதற்குள் இருந்தது.

பொழுது சாயும் நேரம் வேன் வந்தது. தலையெல்லாம் சாம்பலோடு என் வீட்டுக்காரர் இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. அவர் ஒரு கையில் எங்கள் கேரியர். மறுகையிலும் ஒரு கேரியர். எங்கள் வாசலுக்கு வராமல் எதிர்வாசலுக்குப் போனார்.

அக்கா அதை வாங்கி மடியில் வைத்து, அடுக்கடுக்காகத் திறந்தாள். சோறு, பொரியல், அடியில் ரசம்.

"ஒரு சொட்டு சிந்தலையே" என்றாள். "அம்புட்டும் அப்படியே இருக்கே." பிறகுதான் அலறினாள்.

சில நாள் கழித்து நானே என் சேலை ஒன்றைக் கிழித்தேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தார். "வெடிச்சா எப்படியும் காதுல விழத்தான் போகுது தாயி. அதுக்கு முந்தியே எதுக்குத் தெரியணும்?" என்றார். நான் தட்டுகளுக்கு நடுவே துணியைச் செருகினேன்.

சில வருஷம் கழித்துத் தங்கையின் சீருக்காக அதே விருதுநகர் கடைக்குப் போனோம். அம்மா ஒரு அண்டாவைச் சுண்டினாள். நீளமாக இழுத்தது. "இது நல்லாருக்குல்ல?" என்று என் பக்கம் திரும்பினாள். நான் அதற்குள் இரண்டு கைகளையும் அண்டாமேல் வைத்து அமுக்கியிருந்தேன். அம்மா என்னவோ கேட்டாள். நான் வாசல் பக்கம் காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.