சீனி போடாத சாயம்

பெரியாயி சொன்ன சொல்லைக் கேட்கிறவள். கங்காணி சொன்னதைக் கேட்டாள், பூசாரி சொன்னதைக் கேட்டாள், கிளினிக்கில் டாக்டர் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் கேட்டாள். கேட்டுத்தான் கால் போனது என்று அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இப்போது சிரிக்கிறார்கள்.

அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு குடியிருந்த ஒற்றை அறையான அந்த லயக் காம்பரா அவளுடைய உழைப்பில்தான் நின்றது. வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். மகள் தனுஜா எல்ல என்கிற ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையலுக்கு உதவியாக வேலை செய்தாள். அந்தப் பிள்ளை கூடையைத் தொடக் கூடாது. பெரியாயிக்கு உலகத்தில் இருந்த பிடிவாதம் இது ஒன்றுதான்.

"நா ஏறுற வரைக்கும் ஏறுறேன். நீ மலப் பக்கம் திரும்பிப் பாக்காத" என்பாள். அதற்கு அவளுக்குக் கால் வேண்டியிருந்தது.

பெருவிரலில் அட்டை கடித்த இடம் ஆறாமல் கிடந்தபோதுதான் டவுன் கிளினிக்குக்குப் போனாள். இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம், சர்க்கரை நோய், என்றார்கள். டாக்டர் கேசினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தனுஜாவை விடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். ஒரு பீங்கான் தட்டு. பாதியில் மரக்கறி, ஒரு மூலையில் சிவப்பரிசிச் சோறு, இன்னொரு மூலையில் மீன். பக்கத்தில் பளபளவென்று ஓர் அப்பிள்.

"கோதுமை மாவைக் குறையுங்கோ அம்மா. கீரை, மரக்கறி நிறையச் சேருங்கோ. பின்னேரத்தில அரை மணித்தியாலம் நடவுங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி போடவே கூடாது. விளங்குதோ?"

"நான் போடுறதே இல்லைங்க டாக்டரம்மா."

"அது நல்ல பழக்கம். அப்பிடியே இருங்கோ" என்று கேசினி சிரித்தார். பிறகு விரலைப் பார்த்தார். "இது ஆறாட்டி வெட்ட வேண்டி வரும். கவனம்."

பெரியாயி கவனமாகத்தான் இருந்தாள். வெலிமடை மரக்கறி, கரட்டும் கோவாவும், லொறி லொறியாக அவர்கள் ரோட்டைத் தாண்டிக் கொழும்புக்குப் போகும். லயத்துக் கடைக்கு வருவது வாடியது. அவள் ஓடைக்கரையில் குனிந்து வல்லாரை பிடுங்கினாள். இரண்டு ரொட்டி தின்ற இடத்தில் ஒன்று தின்றாள். பத்து மணிக்கு மேல் மலையில் கண் இருட்டிக்கொண்டு வரும். வந்தால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள்.

நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்களை இழுத்துக்கொண்டு பின்னேரத்தில் கோயில் வரைக்கும் நடக்கவும் செய்தாள். பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்னாடி பெரியாயி, தொரச்சானி கணக்கா வாக்கிங் போற. மலைக்கு ஏறுறது நடையில சேராதா? அங்க நாம பறந்தா போறோம்?"

"அது வேலடி. இது ஒடம்புக்கு."

"அப்ப மலைக்கு ஏறுறது யாரு ஒடம்புக்கு?"

பெரியாயி நடந்தாள். செருப்பு வார் புண்ணில் உரசியது. டாக்டரம்மா சொன்ன நடை என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

லீவில் வந்த தனுஜா ஹோட்டல் கதை சொன்னாள். "வெள்ளக்காரங்க விடிஞ்சதும் வல்லாரக் கஞ்சி குடிக்கிறாங்கம்மா. குரக்கன் ரொட்டி, பப்பாசி. ஒடம்ப எளைக்க வைக்கத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வாராங்களாம்."

"மிச்சம் மீதி இருந்தா கொஞ்சம் கொண்டாயேன்."

"வீட்டுக்குக் கொண்டுபோக விட மாட்டாங்க. வாளியில கொட்டணும். நாந்தான் கொட்டுறது."

அடுத்த கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது. விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. கேசினி பேனாவை மேசையில் வைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி போடுறியள்தானே?"

"மாரியாத்தா மேல சத்தியமா போடலைங்க."

"அப்ப இரத்தம் பொய் சொல்லுதோ? எல்லாரும் இப்பிடித்தான். இஞ்ச வந்து பொய் சொல்லுறியள், பிறகு காலை இழந்திட்டு அழுறியள்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூட யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

மறுபடி போனபோது வீட்டுக்கு விடவில்லை; வார்டில் படுக்க வைத்தார்கள். அன்று பின்னேரம் பால் விடாத தேத்தண்ணி, வெறும் சாயத்தண்ணி, வந்தது. பெரியாயி தன் பையைத் துழாவி ஒரு பொலித்தீன் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். ஒரு நக்கு, ஒரு மிடறு. ஒரு நக்கு, ஒரு மிடறு. மலையில் எல்லாரும் குடிக்கிற விதம் அதுதான். கோப்பையில் போட்டால் கரைந்து காணாமல் போகும் சீனி, கையில் இருந்தால் கடைசி மிடறு வரைக்கும் நாக்கில் நிற்கும்.

கட்டிலருகே வந்த கேசினி அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா இது?"

"சீனிங்க."

"போடக் கூடாதெண்டு சொன்னனான் எல்லோ?"

"சாயத்துல போடலைங்களே. பாருங்க" என்று பெரியாயி கோப்பையை நீட்டினாள்.

தாதி முதலில் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேசினிக்கும் சிரிப்பு வந்தது. புறங்கையால் வாயை மறைத்தார்.

"இதை எனக்குச் சொல்லியிருக்க வேணுமெல்லோ?"

"கையில நக்குறதயெல்லாம் யாருங்க டாக்டர்கிட்ட சொல்லுவா?"

அவள் பொய் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பொய்க்காரி என்று சொன்னவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த வாரமே விரலை எடுத்தார்கள். அதுவும் ஆறாமல், பிறகு பாதிப் பாதத்தை எடுத்தார்கள். ஊன்றுகோலோடு லயத்துக்கு வந்து சேருமுன்பே வார்டில் எழுந்த அந்தச் சிரிப்பு அங்கே வந்து சேர்ந்திருந்தது.

தோட்டத்து ஆபீசிலிருந்து மரியாதையாகத்தான் கேட்டார்கள்: இனி இந்தக் காம்பராவுக்கு வேலைக்கு வரப்போவது யார்?

தனுஜா எல்ல ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். பெரியாயி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியலில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. செடி கீறாமல் இருக்கக் கட்டும் சாக்கை இடுப்பில் சுற்றத் தெரியாமல் தனுஜா வாசலில் தடுமாறினாள்.

"அம்மா, கொஞ்சம் கட்டி விடு."

பெரியாயி சுவரில் சாய்ந்து நின்று கட்டினாள். தப்பாகக் கட்டலாம் என்றுதான் நினைத்தாள். கை கேட்கவில்லை. முடிச்சு சரியான இடத்தில், சரியான இறுக்கத்தில் விழுந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல அது பிள்ளையின் இடுப்பில் நின்றது.