அம்மாவின் பாஸ்வேர்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த கதையை என் அண்ணன் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் சொல்லும் கதையில் அம்மா கிடையாது. நான் செய்த காரியமும் கிடையாது.

அப்பா சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியதும் வாங்கிய கம்ப்யூட்டர் அது. கூடத்தில், வாசலில் நின்றாலே திரை தெரிகிற மாதிரி வைத்திருந்தோம். விண்டோஸ் போட்டிருந்தது. பட்டனைத் தட்டினால் யாருக்கும் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட உரிமையோடு வந்து பேரன் காதுகுத்துப் படங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கண்ட கண்ட பென் டிரைவையும் செருகி அதில் வைரஸை வளர்த்தது நாங்கள்தான். கடைசியில் அது திறப்பதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்துவிடும் என்கிற நிலைமைக்கு வந்தது.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தீபாவளி லீவுக்கு ஒரு சிடியோடு வந்தான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்றான். இலவசம், வைரஸ் தொல்லை இல்லை, இனிமேல் நாம் யாருக்கும் அடிமையில்லை என்று இட்லி சாப்பிடும்போதுகூடப் பிரசங்கம் செய்தான். ஆனால் வீட்டில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் டியூஷனுக்குப் போய்த் திரும்புவதற்குள் பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதியதை ஏற்றியிருந்தான். அதோடு என் கார்ப் பந்தய விளையாட்டும் போய்விட்டது. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து பதினேழாவது கட்டம் வரை வந்திருந்தேன். பத்து வயதுக்காரிக்கு அது சாதாரண நஷ்டமா? இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்தப் பெட்டியை இனித் தொடவே மாட்டேன் என்று சபதம் செய்தேன்.

கிளம்புவதற்கு முன் அண்ணன் ஆளுக்கொரு அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தான். அவரவர் பெயரைத் தட்டி, அவரவர் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். அப்பா தன்னுடையதை வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டினார். எனக்கு என் பெயரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டான். அம்மா மட்டும் அவனை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். அதுவரை அம்மா அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்ததோடு சரி.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். சனி, ஞாயிறு மதியங்களில், சம்பா வயலில் மழைத்தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க அப்பா கிளம்பியதும் அம்மா அங்கே போய் உட்காருவாள். அரை மணி நேரம். குக்கர் விசில் அடித்தால் பூட்டிவிட்டுத்தான் எழுந்து போவாள். நான் பக்கத்தில் போனாலும் அதற்குள் பூட்டிவிடுவாள், திரையில் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம்தான் இருக்கும். என்ன பாஸ்வேர்டு என்று கேட்டேன். "அது எனக்கு மட்டும்டி" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரஃப் நோட்டு வரை அம்மா திறந்து பார்க்காதது எதுவும் இல்லை. சித்தி போன் செய்தால்கூட ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் எல்லோரும் கேட்கத்தான் பேசுவாள். அவளுக்கு அப்படி என்ன ரகசியம்? நியாயம் முழுக்க என் பக்கம் இருப்பதாக நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் சாப்பிட வந்திருந்தபோது, சமயம் பார்த்து அப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

அப்பா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"என்னதான் வச்சிருக்க, காட்டேன்."

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப் பூட்டு?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். மூன்றாவது தடவை திறந்தது. உள்ளே பாதியில் நிற்கும் ஒரு சீட்டாட்டம். வேறு ஒன்றும் இல்லை. பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அவசரத்துக்கு உதவும் என்று அப்பா கேட்கவும், அத்தனை பேர் முன்னாலும் பாஸ்வேர்டைச் சொன்னாள். அவ்வளவு அடம்பிடித்து நான் பிடுங்கிய அந்தச் சொல் என்ன என்பது இன்று எனக்கு நினைவில்லை. அதை நினைத்தால் என்மேல் வருகிற ஆத்திரத்துக்கு முன்னால் அண்ணன்மீது வருகிற ஆத்திரம் ஒன்றுமே இல்லை.

"தாராளமா ஆடு, யாரு வேணாங்கிறா?" என்று அப்பா அனுமதியும் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆட்டம் பாதியில் நிற்கிறதே என்று நானே போய்க் கூப்பிட்டேன். வேலை கிடக்கிறது என்றாள். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துபோயிற்று, யாரும் திட்டவில்லை, அப்பாவே ஆடச் சொல்லிவிட்டார். அப்புறமும் ஏன் வந்து உட்கார மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.