யஜமானரு என்றால் யார்?

பெங்களூரில் எங்கள் மர்பி டவுனில் ஒரு நல்லடக்கச் சங்கம் உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் வண்டி, குழி, பந்தல், பெட்டி தூக்க ஆள் எல்லாம் சங்கமே பார்த்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் அதில் உறுப்பினர். யார் வீட்டுச் சாவு என்றாலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தோள் கொடுக்க ஓடுவார். கடைசியில் அவரையும் அவர்கள்தான் தூக்கிப் போனார்கள். பொய் சொல்லக் கூடாது, நல்லபடியாகத்தான் அடக்கம் செய்தார்கள். பிறகு அவர் இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

நான் ஏழாவதோடு நின்றவள். தையல் தெரியும், செபமாலை சொல்லத் தெரியும், சட்டம் தெரியாது. ஆனாலும் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: "நம்ம சாவு வண்டியில கட்சி மீட்டிங்குக்கு நாற்காலி ஏத்திட்டுப் போனது யாரு?" பின்னால் இருந்த கைம்பெண்கள் எல்லாரும், "ஆமா, சொல்லுங்க" என்றார்கள். தலைவர் விசிறியைப் பார்த்தார். செயலாளர் குறிப்பு எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பதில் அடுத்த கூட்டத்தில் வந்தது. சங்கத் தேர்தல் நெருங்கிவிட்டது. சில வீடுகளில் அப்பா, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேர் ஓட்டுக்கு வருகிறார்களே, இது சரியா என்று மல்லேஸ்வரத்தில் ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தார்கள். அவர் கன்னடத்தில் எழுதிக் கொடுத்த தாளைச் செயலாளர் தூக்கிக் காட்டினார்.

"வீட்டுக்கு ஒரே மெம்பர். அதுவும் 'மனெ யஜமானரு', அதாவது வீட்டு யஜமானரு மட்டும்தான்னு வக்கீல் எழுதியிருக்காரு. யஜமானருன்னா யாரு? புருஷன். புருஷன் இல்லாத வீட்டுல மெம்பர் இல்ல. பதினோரு பேரை எடுத்துட்டோம்."

இந்த ஊரில் எங்களுக்குக் கன்னடம் அரைகுறையாகவாவது வரும். கடைக்காரரிடம் பேசும்போது நானே 'நம் யஜமானரு' என்று என் வீட்டுக்காரரைத்தான் சொல்லியிருக்கிறேன். அதனால் எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். ஓட்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நாளைக்கு நான் செத்தால்? ஊருக்கே தோள் கொடுத்தவர் பெண்சாதியை எடுக்க யார் வருவார்?

"அந்தத் தாளைக் கொடுங்க, பார்க்கிறேன்" என்றேன்.

"அது ஆபீஸ் பேப்பர் அண்ணி. உங்களுக்குப் புரியாது." தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டுவிட்டுப் போன மனுஷன். அந்த 'அண்ணி'தான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

எதிர்வீட்டு அக்காவும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், வாய்த் துடுக்கு. செயலாளர் தூக்கிக் காட்டிய தாளின் தலைப்பில் பெரிதாக இருந்த வக்கீல் பெயரையும் விலாசத்தையும் படித்துவைத்திருந்தாள். காலைப் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, மல்லேஸ்வரம் போனோம். வக்கீல் வயசானவர். முதலில் பேசவே மாட்டேன் என்றார். "கேட்டது சங்கம், அம்மா. நான் சங்கத்துக்குத்தான் பதில் சொல்லணும்."

"அப்போ நாங்க யாரு சார், சங்கத்துப் பெட்டியில போறவங்க மட்டும்தானா?" என்று அக்கா கன்னடத்தில் ஒரு போடு போட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பு நின்றது.

"புருஷன்னு எவன் சொன்னான்? வீட்டுத் தலைமை யாரோ, அவங்களுக்கு ஒரு ஓட்டு. ஆணா பெண்ணான்னு நான் எழுதவே இல்லை. உங்க ரேஷன் கார்டுல யார் பெயர் முதல்ல இருக்கு?"

என் பெயர்தான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே கார்டில் நான்தான் குடும்பத் தலைவி. அரசாங்கத்துக்குத் தெரிந்தது எங்கள் செயலாளருக்குத் தெரியவில்லை! வக்கீல் இன்னொரு தாளில், 'யஜமானரு என்றால் குடும்பத்தின் தலைவர், பெண்ணும் ஆகலாம்' என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

தேர்தல் அன்று ஹாலில் அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள், தமிழிலும் சொன்னாள். தலைவர் வாசலைப் பார்த்துக்கொண்டு, "சரி சரி, போனாப் போகுது, பாவம். இவங்களும் போடட்டும்" என்றார். செயலாளர் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார். கையெழுத்துப் போடக் குனிந்தபோது பார்த்தேன்: 'கருணை அடிப்படையில் பதினோரு பெண்களுக்கு அனுமதி.'

"இந்தக் கருணையை அடிங்க" என்றேன்.

"எதுக்கு அண்ணி வீம்பு? உள்ளதான் விட்டாச்சே."

"நான் காலையும் சாயங்காலமும் முட்டி போட்டுக் கருணை கேக்கிறேன். ஆண்டவர்கிட்ட கேக்கிறேன். உங்ககிட்ட கேக்கல. இந்த வருஷம் கருணைன்னு எழுதினா, அடுத்த வருஷம் கருணை இல்லைன்னு சொல்லுவீங்க. நாங்க மெம்பர், அதனால ஓட்டு. அப்படி எழுதுங்க."

அவர் பேனாவை மூடினார். நான் என் பேனாவால் அந்த இரண்டு வார்த்தைகளைக் கோடு போட்டு அடித்தேன். 'அனுமதி'யையும் அடித்து, மேலே 'உரிமை உண்டு' என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. "சங்கத்துப் புக்கைக் கெடுத்துட்டா!" என்று தலைவர் கத்தினார்.

"பொணம் ஏத்துற வண்டியில நாற்காலி ஏத்தினப்ப கெடாதது இப்பக் கெட்டுப்போச்சா? தள்ளுங்க, எங்க போடணும் கையெழுத்து?" என்று அக்கா என்னை இடித்துக்கொண்டு குனிந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். ஒருத்திக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வைத்தாள். கடைசி ஆள் முடிக்கும்வரை புத்தகத்தை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நம்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்தை அக்காவின் போனில் படம் எடுக்கச் சொன்னேன்.