மூட்ட அறைக் குரல்

இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. பம்பாய் வடாலாவில், 1943 ஆவணியில், பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் வாழைத்தார் பழுக்கவைக்கும் மூட்ட அறைக்குள் ஒருமுறை நின்று பார்க்கட்டும். ஜன்னல் கிடையாது. விளக்கு கிடையாது. அங்கே எந்நேரமும் ராத்திரிதான்.

நான் அனந்தநாராயணன். மாதுங்காவாசி. படித்தது ரசாயனம். மேலதிகாரிகளிடம் வாயைக் கொடுத்து இரண்டு உத்தியோகத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு சேட்டின் பழ கோடவுனில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பாள் அம்மா. அதை நம்பித்தான் என் காலம் ஓடியது.

வேலை இதுதான். காய்த்தார்களை அறையில் அடுக்கி, கலயத்தில் உமியும் வறட்டியும் போட்டுப் புகையவிட்டு, கதவை அடைத்து, இடுக்கெல்லாம் களிமண் பூசிவிடுவோம். அதற்குப் பெயர் மூட்டம். உண்மையில் காயைப் பழுக்கவைப்பது புகை இல்லை. புகைக்குள் கொஞ்சூண்டு இருக்கிற எத்திலீன் என்ற வாயு. பழுத்த பழமும் அதே வாயுவை விடும்; பக்கத்துக் காயையும் பழுக்க வைத்துவிடும். வெளிதேசங்களில் அதை இரும்பு உருளையில் அடைத்தே விற்கிறார்கள். பழத்துக்கும் விடுகிறார்கள், அதன் தீயில் இரும்பும் வெட்டுகிறார்கள், ஆஸ்பத்திரியில் ஆளையும் மயக்குகிறார்கள். ஒரே ஒரு உருளை வாங்கித் தாருங்கள், இந்தப் பாழும் புகையே வேண்டாம் என்று சேட்டிடம் தொண்டை வற்றக் கத்தினேன். யுத்தம் முடியட்டும் என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

கணபதி பண்டிகைக்குப் பழம் போயாக வேண்டும். மழைக் குளிரில் காய் அசைந்து கொடுக்கவில்லை. முந்தின சரக்கு வீணான கோபத்தில் சேட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இதுவும் தவறினால் நீ வரவே வேண்டாம் என்று. மூன்றாவது வேலையும் போனால் நான் வீட்டில் எந்த முகத்தைக் காட்டுவது?

பூசுவதற்கு முன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ஆள் உண்டா என்று கூப்பிட வேண்டும். தார்களுக்குப் பின்னால் யாராவது நின்றுவிட்டால் புகையிலேயே கதை முடிந்துவிடும். பதில் வராவிட்டால்தான் களிமண் வைக்கலாம்.

அன்று நாங்கள் மூன்றே பேர். கூப்பிடுகிற நெல்லையப்பன், மண் பூசுகிற ஆறுமுகத்தாய், நான். ஆறுமுகத்தாய் தாராவியிலிருந்து வருகிறவள். அவள் புருஷன் நாலு வருஷமாக ஊமை. ஏதோ காய்ச்சலில் பேச்சு போய்விட்டது என்பாள்.

மணி மூன்று. நெல்லையப்பன் கூப்பிட்டான்.

"உள்ள ஆளு உண்டாவே?"

"இருக்கேன்வே... பூசிராதீய."

ஆண் குரல். தெளிவான திருநெல்வேலிப் பேச்சு. நாங்கள் மூவரும் வெளியே நிற்கிறோம்.

தாழைத் திறந்து, தார்களை விலக்கித் தேடினோம். ஒருவரும் இல்லை. மூட்டிய புகையெல்லாம் வெளியே ஓடிவிட்டது. மறுபடி மூட்டி, அடைத்து, கூப்பிட்டோம். மறுபடி அதே குரல். மறுபடி திறந்தோம். வௌவால்கூட இல்லை. மூன்றாம் தடவையும் அப்படியே.

எனக்குப் பயம் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. யாரோ வேண்டுமென்றே என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான். பக்கத்துக் கோடவுன்காரன் சுவரில் ஓட்டை போட்டுக் குரல் கொடுக்கிறான் என்றே நினைத்தேன். ஆறுமுகத்தாய் மட்டும் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். பயந்த சுபாவம் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

கலயம் அணைந்துவிட்டது. நெருப்பு எடுக்க நெல்லையப்பன் போனான். மண் குழைக்க அவள் போனாள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவது என்று நான் லாந்தரோடு உள்ளே நுழைந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பழம் சாமிக்குப் போகிறது என்பதால் செருப்பை எப்போதும் போல வாசலில் கழற்றிவிட்டேன்.

கடைசி வரிசைக்குப் பின்னால் குனிந்து சுவரைத் தடவினேன். ஓட்டை இல்லை. பூச்சு வழவழவென்று இருந்தது.

லாந்தர் அணைந்தது. காற்றே இல்லை... ஆனாலும் அணைந்தது.

டொக்.

கதவு. பின்னாலேயே தாழ் விழும் சத்தம். வாசலோரம் மறுபடி மூட்டி வைத்த கலயத்தின் புகை மூக்கில் ஏறியது.

"உள்ள ஆளு உண்டாவே?"

அப்பாடா என்று இருந்தது. "நான்தான், அனந்து. திறங்கோ" என்று கத்தினேன்.

வெளியே யாரோ காறித் துப்பும் சத்தம்.

"போவே அங்கிட்டு. ஒனக்கு வேற சோலி இல்ல" என்றான் நெல்லையப்பன். "நீ பூசு தாயி."

சப்... சப்... களிமண் விழுந்தது.

தார்களில் மோதிக்கொண்டு கதவுக்குப் போய் இரண்டு கையாலும் அறைந்தேன். கத்தினேன். பெயரைச் சொன்னேன். சேட்டின் பெயரைச் சொன்னேன்.

சப்... சப்...

கண் எரிந்தது. வாயைத் திறந்தால் புகைதான் உள்ளே போனது.

அப்போது...

என் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

நிதானமான மூச்சு. ரொம்ப நாள் காத்திருந்து களைத்தவர் விடுகிற மூச்சு.

தொண்டைக்குள் ஏதோ நழுவியது.

பிறகு நினைவில்லை.

கண் திறந்தபோது மழையில் கிடந்தேன். வாசலில் என் செருப்பைப் பார்த்து ஆறுமுகத்தாய்தான் அலறினாளாம். கதவை உடைத்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நெல்லையப்பன் என் முகத்தைத் துடைத்துவிட்டான். "சாமி, சத்தியமா ஒங்க சத்தம் கேக்கல. அதே பழைய சத்தந்தான் கேட்டுச்சு. இருக்கேன்வே, பூசிராதீயன்னு."

பழம் போயாக வேண்டுமே. கதவைச் சரிசெய்து மறுபடி அடைத்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நெல்லையப்பன் என்னைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டான்.

"உள்ள ஆளு உண்டாவே?"

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"நான்தான், அனந்து. திறங்கோ."

என் குரல்.

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

இன்றுவரை வரவில்லை. டாக்டர்கள் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். சரியாக இருந்தால் நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்? பேசியே பிழைத்தவன், இப்போது பால்காரனிடம்கூடக் கையை ஆட்டுகிறேன். அந்தத் தடவை பழம் அருமையாகப் பழுத்தது. ஊமைக்கு எதற்கு சூப்பர்வைசர் வேலை என்று சேட் என்னை நிறுத்திவிட்டார்.

ஆறுமுகத்தாய் அன்றோடு வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு கும்பிடாவது போட வேண்டும் என்று தாராவிக்குத் தேடிக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன்.

"இருக்கேன்வே... ஆரு?"

அதே குரல்.

கதவைத் திறந்தவர் அவள் புருஷன் பிரம்மநாயகம். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவரே சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் அதே அறையில் அவர்தான் கூப்பிடுகிற ஆளாம். அவருக்கும் உள்ளேயிருந்து ஒரு குரல் மூன்று தடவை பதில் சொன்னதாம். நாலாவது தடவை அவர் உள்ளே போய்த் தேடினாராம்.

"உசுரோடதான் வெளிய எடுத்தாக. சத்தம் மட்டும் அங்ஙனயே நின்னுட்டு. எனக்கு முன்ன உள்ள நின்ன சத்தம் ஒரு மலையாளத்து ஆளோடது சாமி. நான் மாட்டுன அன்னைக்கே, அதுவர ஊமையாக் கெடந்த அந்த ஆளு பேச ஆரம்பிச்சுட்டாரு."

ஆறுமுகத்தாய் அடுப்படியில் நின்றாள். நான் குனிந்து என் செருப்பைத் தொட்டு, அவளைக் காட்டி, கை கூப்பினேன்.

அவள் அழுதாள். "கும்பிடாதீய சாமி. மண்ணு வைக்கதுக்கு முன்னாலயே ஒங்க செருப்பப் பாத்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்களச் சாகவிடக் கூடாதுன்னுதான் பெறகு அலறுனேன். நாலு வருசமாச்சு சாமி, இவுக என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டு."

அவளைத் திட்ட வேண்டும் என்று வந்தது. என் வாழ்நாளில் நான் கற்ற அத்தனை வசவும் நாக்குநுனி வரை வந்து நின்றது. சத்தம்தான் இல்லை.

கோடவுனில் என் இடத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறான். சின்ன வயது. வாய்ப்பேச்சில் என்னை மிஞ்சுவானாம். பேய் பிசாசு எல்லாம் புளுகு என்கிறானாம். அவனிடம் கொடுக்கத்தான் இதை எழுதினேன்.

இரண்டு தடவை கோடவுன் வாசல் வரை போய்விட்டேன். இரண்டு தடவையும் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.