எந்த ஜீப்பில் வந்தீர்கள்?

“…கொடியக் கழட்டிட்டா மட்டும் ஆச்சா தம்பி? நான் ஒருத்தி ஏறி உக்காந்தா, பாக்கிறவளுக்கு இதுவும் ஏதோ ஒரு கட்சி ஜீப்புதான்,” என்றார் கொழுந்து பறிக்கும் அக்கா, லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டுப் படியில் நின்றபடி.

பஞ்சாயத்துத் தேர்தல் நாள், காலை எட்டு மணி. மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டின் கீழ் டிவிஷன். தேயிலைமேல் விழுந்த பனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. அக்கா விசேஷத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையில், அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, முழங்காலுக்கு பெல்ட் கட்டிக் கிளம்பி நின்றார். நான் என் ஜீப்பைக் கழுவித் துடைத்து, எந்தக் கொடியும் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மெச்சுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெச்சவில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்கு ஓட்டுச்சாவடி மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில். வழி முழுக்க ஏற்றம். சரிவில் நின்று கொழுந்து பறித்தே முழங்கால் போனவர்களுக்கு அது நடக்கிற தூரமில்லை. அதனால் தேர்தலன்று ஆளுக்கொரு கொடியோடு இரண்டு ஜீப் வரும். ஒன்று இந்த யூனியன்காரர்களுடையது, இன்னொன்று அந்த யூனியன்காரர்களுடையது. சட்டப்படி கூடாதுதான், ஆனால் வெகு காலமாக நடக்கிறது. யார் எதில் ஏறுகிறார்கள் என்பதைக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோரும் பார்ப்பார்கள். ஓட்டை எண்ணுவதற்கு முன்னாலேயே எங்கள் லயத்தில் ஜீப்பை எண்ணி முடித்துவிடுவார்கள். அந்த இரண்டில் ஒன்று பல தேர்தலாக என்னுடைய ஜீப்.

போன தேர்தலில் அக்கா வழக்கமாகப் போகும் ஜீப் வரத் தாமதமாகிவிட்டது. அன்றைக்குத்தான் அவருக்குக் கால் வீங்கியிருந்தது. படியில் உட்கார்ந்துவிட்டால் யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும் என்ற நிலைமை, இப்போதும் அதேதான். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஏறுங்கக்கா, கால் என்ன கட்சியா பாக்குது?” என்று சொல்லி எதிர்க் கொடி கட்டிய என் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைப்பு.

எதிர் லயத்தில் ஒரு மதினி இருக்கிறார். அக்காவுக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. அடுத்தடுத்த தேயிலை நிரையில் கொழுந்து எடுத்து, ஒரே தூக்குவாளியில் பாலில்லாத சாயத்தண்ணி குடித்து, மதினி மதினி என்று கூப்பிட்டே உறவானவர்கள். அந்த மதினி குழாயடியில் நின்று பார்த்தார். “ஜீப்பு மாறினவ, நாளைக்கு ஆளும் மாறுவா,” என்று ஒரே பேச்சு. மறுநாளிலிருந்து வேறு நிரை, வேறு தூக்குவாளி. வருஷக்கணக்கில் அப்படியே போயிற்று.

இந்த வருஷம் மழை ஓய்ந்த நேரத்தில், ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு மலையாளிப் பெண் வந்தார். கேரளத்து மலையில் இருக்கும் தமிழர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள், கிராம சபைக்குப் போகிறார்களா, தாங்களே நிற்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டுமாம். என் ஜீப்பையும், மொழிபெயர்க்க என் வாயையும் சேர்த்துப் பேசிக்கொண்டார். கையில் கேள்வி ஃபாரம் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் எங்கள் ஆட்களுக்கு டீச்சர்தான், இவரும் டீச்சர் ஆனார்.

எனக்கு ஒரே குஷி. ஜனங்கள் பேசுவதை டிரிப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இப்போது அதுவே வேலை என்றால் கேட்கவா வேண்டும்? ஆனால் டீச்சர் வாய் திறந்து கேட்டு முடிப்பதற்குள் நானே பதில் சொல்லிவிடுவேன். “போன தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா?” போட்டார்கள், டிக் போட்டுக்கோங்க டீச்சர். “சொந்த விருப்பப்படியா?” வேறெப்படி, அதுக்கும் ஒரு டிக். வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். இப்படியே ஒரு லயம் முடிந்தது. “உங்க ஆளுங்களுக்கு ரொம்ப ஆர்வம்,” என்று டீச்சருக்கும் சந்தோஷம்.

அக்கா வீட்டில்தான் அது நின்றது. அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னார்: “ஓட்டுப் போட்டேன், எழுதிக்கிடுங்க. விருப்பப்படிதான், அதையும் எழுதிக்கிடுங்க. எந்த ஜீப்புல வந்தேன்னு கேக்கலையே? இங்க அதுதாம்லா ஓட்டு!”

நான் முந்திக்கொண்டேன். “ரோடு மோசமாம், ஜீப் இருந்தா வசதின்னு சொல்றாங்க,” என்று மலையாளத்தில் போட்டேன்.

அக்காவின் கத்தி நின்றது. “அங்ஙனெ அல்ல மோளே,” என்றார். அப்படி இல்லை மகளே என்று ஆரம்பித்து, ஜீப், கொடி, குழாயடி, மதினி என்று எல்லாவற்றையும் என்னைவிடச் சுத்தமான மலையாளத்தில் சொல்லி முடித்தார். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷம் பீல்டு ஆபீசர்கிட்ட திட்டு வாங்கிப் படிச்ச மலையாளம் தம்பி, மறக்காது,” என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பி, “என் ஓட்டு நான் நினைச்ச எடத்துக்குத்தான் போச்சு. அதை மதினிகிட்ட எப்படிக் காட்ட? காட்டினா அது ஓட்டே இல்லையே,” என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டார். “அந்த ஜீப் யாருடையது?” என்று கேட்டார்.

“அது எதுக்கு இப்போ? பாவம், ஓட்டுறவருக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம்,” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

அதற்குமேல் எப்படி மறைப்பது? “என்னுதுதான் டீச்சர்,” என்றேன்.

அன்றே டீச்சர் ஃபாரத்தின் அடியில் கையால் ஒரு கேள்வி எழுதினார்: எந்த ஜீப்பில் வந்தீர்கள்? முடித்த வீடுகளுக்கும் திரும்பப் போனோம். எனக்கு இரண்டு கட்டளை. கேட்கிற இடத்தில் நடுவில் பேசக்கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. என்னிடம் போய் இப்படிச் சொன்னால்!

ஆனால் வாயை மூடியபோதுதான் காது திறந்தது. தலையாட்டியவர்களெல்லாம் பேசினார்கள். பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், “விரல்ல மை போறதுக்குள்ள ஜெயிச்சவருக்கு நம்ம வீட்டு வழி மறந்துபோவுது,” என்றார். ஒரு அம்மா பொரிந்து தள்ளினார்: “இங்க நான் பாண்டிக்காரி. தமிழ்நாட்டுப் பக்கம் போடியில அண்ணன் வீட்டுக்குப் போனா மலையாளத்துக்காரி. எலெக்ஷன் அன்னைக்கு மட்டும் ‘அம்மா, பாத்து ஏறுங்க!’” லயமே சிரித்தது, டீச்சரும் சிரித்தார், பிறகு தலை குனிந்து எழுதிக்கொண்டார்.

மதினி வீட்டுக்கும் போனோம். “கொடி ஜீப்புல ஏறாம இருக்கத்தான் ஆசை. காலு விடணுமே,” என்றார். டீச்சர் ஃபாரத்தை மடிக்கும்போது, வாசலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “அவளுக்கு இப்ப முழங்கால் எப்படி இருக்காம்?”

அந்த ஒரு வரியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க என் நாக்கு பட்ட பாடு! கொடுத்த வாக்குக்காக விழுங்கிக்கொண்டேன். இப்போது எழுதுவதற்கு மதினியே சரி சொன்னதால்தான் எழுதுகிறேன்.

தேர்தல் நெருங்கியதும் இரண்டு பக்கத்துக்காரர்களிடமும், இந்தத் தடவை ஜீப் கிடையாது என்று சொல்லிவிட்டேன். “என்னடே, சர்வேக்குப் போய்ப் போய் நீயே தனிக் கட்சி ஆயிட்டியோ?” என்று கேலி. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். இதற்கிடையில், கீழ் டிவிஷனிலேயே பிள்ளைகளை விடும் க்ரெஷ் கட்டடத்தில் ஓட்டுச்சாவடி வேண்டும் என்று அக்கா சொல்லச் சொல்ல நான் ஒரு மனு எழுதினேன். இரண்டு லயத்துப் பெண்களும் தனித்தனியாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி ஒருவர் வந்து கதவு அகலம் பார்த்தார், சாய்தளம் வைக்க இடம் பார்த்தார். இந்தத் தேர்தலுக்குள் முடியாது, அடுத்ததற்குப் பார்க்கலாம் என்றார். அடுத்ததற்குப் பார்க்கலாம் என்பதை நாங்கள் எத்தனையோ தடவை கேட்டவர்கள்தான். ஆனால் இவர் அதை எங்கள் முன்னாலேயே பைலில் எழுதினார். அதற்கு முன் யாரும் எழுதியதில்லை.

இப்படியாகத்தான் தேர்தல் காலை வந்தது, கொடியில்லாத என் ஜீப்பும் வந்தது, அக்காவும் அந்தப் பேச்சைச் சொன்னார்.

“அப்ப எப்படிக்கா? நடக்கவா போறீங்க?” என்றேன்.

குழாயடியில் நாலைந்து பேர் குடத்தை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைத் தாண்டி எதிர் லயத்தைப் பார்த்தார்.

“முன் சீட்டுல ரெண்டு பேரு உக்காரலாம்லா?”

“தாராளமா.”

“இஞ்சின நிறுத்திராத.”

அடையாள அட்டைக் கவரை என் கையில் கொடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டார்கள். ஈர மண்ணைத் தாண்டி எதிர் லயத்து வாசலுக்குப் போய், மூடியிருந்த கதவை இரண்டு தட்டு தட்டினார். “மதினி, சேலை கட்டியாச்சா? நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஏறினா எந்தப் பக்கத்து ஜீப்புன்னு எவளாவது சொல்லட்டும், பாப்போம்,” என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, திரும்பி நின்று புடவையை ஒதுக்கி, கை கொடுக்க ஆள் வராமல் எழுந்திருக்க முடியாத அந்தக் காலோடு, மதினி வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.